மெருகியல்: சீன அரண்மனைப் பீங்கானுக்கு ஒரு சிற்றிலக்கணம்

பாயிரம்

பாயிரம் இல்லாமல் நூல் செய்தால் புலவர் சிரிப்பர். ஆகவே மரபுப்படி எட்டையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆக்கியோன்: பழம்பீங்கான் ஒன்றும் சொந்தமில்லாதவன். வீட்டில் இருப்பது ஓர் ஊறுகாய் ஜாடி. அதுவும் மாமியார் கொடுத்தது. வழி: தொல்லாசிரியர் காட்டிய வழி, தேவைப்பட்ட இடத்தில் குறுக்கு வழி. எல்லை: வடக்கே பெய்ஜிங் அரண்மனை, தெற்கே ஜியாங்ஷி மாகாணத்து ஜிங்டெஜென் சூளை. நூற்பெயர்: மெருகியல். யாப்பு: ஆறு இயலும் ஒரு புறனடையும். நுதலிய பொருள்: நிற மெருகிட்ட அரசப் பீங்கான். கேட்போர்: வேறு வேலை இல்லாதோர். பயன்: அருங்காட்சியகத்துக் கண்ணாடிப் பெட்டிக்கு முன் நின்று “ஆகா” என்பதோடு நில்லாமல், “ஆகா, இஃது இன்ன வகை” என்று சொல்லி உடன் வந்தவரைச் சலிப்படையச் செய்வது.

எல்லைக்குள் வராததையும் சொல்ல வேண்டும். ராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் சோங், யுவான் காலச் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்திருக்கின்றன. அவை கப்பலேறி விற்பனைக்கு வந்த வணிகச் சரக்கு. நாம் பேசப்போவது விலைக்கு வராத சரக்கைப் பற்றி; அதாவது, அரண்மனையைத் தவிர வேறு எவரும் தொடக்கூடாது என்று சுட்டெடுத்த பாத்திரங்களைப் பற்றி.

1. உடம்பியல்

மண்ணே உடம்பு; மெருகே மேல்தோல்;
உலோகம் நிறமாம், உலைதான் ஊழே.

இந்நூற்பா என்னுதலிற்றோ எனின், ஒரு பீங்கான் எவற்றால் ஆனது என்பதை உணர்த்துதல் நுதலிற்று.

ஜிங்டெஜென் என்ற ஊர்ப்பெயரே அரசன் பெயரால் வந்தது. 1004இல் தொடங்கிய ஜிங்டெ என்னும் ஆட்சிப் பட்டத்தை, அங்கே செய்த பாண்டத்தில் மனம் பறிகொடுத்த சோங் பேரரசர் ஊருக்கே சூட்டினார். அருகிலுள்ள காவோலிங் மலையில் ஒரு வெள்ளை மண் கிடைத்தது. இன்று வேதியியல் பாடப்புத்தகத்தில் கயோலின் என்று நாம் படிப்பது அந்த மலையின் பெயரைத்தான். அதோடு இடித்துப் பொடித்த ஒரு வகைப் பாறையையும் சேர்த்துப் பிசைவார்கள். மண் எலும்பு, பாறை தசை என்பது அவ்வூர் வழக்கு. 1712இல் அவ்வூர்த் தொழிலைப் பற்றி நீண்ட கடிதம் எழுதிய பிரெஞ்சுப் பாதிரியார் தாந்த்ரகோல் இதைக் கேட்டுப் பதிந்துவைத்திருக்கிறார். 1,300 டிகிரி வெப்பத்தில் எலும்பும் தசையும் ஒன்றாகி, தட்டினால் மணிபோல் ஒலிக்கும்.

மெருகு என்பது அந்த உடம்பின் மேல் உருகி ஒட்டிய மெல்லிய கண்ணாடித் தோல். அது இரு வகைப்படும். உடம்போடு சேர்ந்து உயர் சூட்டில் வெந்தது ஒன்று. ஏற்கெனவே வெந்த உடம்பின் மேல் ஈயம் கலந்து பூசி, மிதமான சூட்டில் மறுபடி வேகவைத்தது மற்றொன்று. முன்னதைப் பிறவிநிறம் என்றும், பின்னதைப் பூசுநிறம் என்றும் கொள்க.

2. உலோகவியல்

இரும்பு செம்பு கோபால்ட் பொன்னென
அரும்பொருள் நான்கே நிறத்தின் முதலாம்;
காற்றுளின் ஒன்று, காற்றிலேல் மற்றொன்று.

இவற்றுள் இரும்பு, கூட்டுக் குடும்பத்து மூத்த மாமாவைப் போன்றது. எந்த விசேஷத்திலும் அவர் இருப்பார், ஆனால் ஒவ்வொரு வீட்டில் ஒவ்வொரு குணம். நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு கலந்து, புகை நிறைந்த, காற்றுக் குறைந்த சூளையில் சுட்டால் நீலம் பாய்ந்த பச்சை தருவார். பங்கு கூடினால் பழுப்பு, இன்னும் கூடினால் கறுப்பு. ஈய மெருகில் சேர்த்துச் சுட்டால் அரச மஞ்சளே அவர்தான். மேலே சொன்ன ஊறுகாய் ஜாடியின் கழுத்துப் பழுப்பும் அவர் உபயம்.

செம்பு முன்கோபி. காற்று தாராளமாகக் கிடைத்தால் பச்சை. காற்றை மறித்தால் சிவப்பு. மறித்தது கொஞ்சம் கூடினாலோ குறைந்தாலோ சேற்று நிறமாகும், அல்லது நிறமே ஆவியாகிப் போகும். கோபால்ட் அரசு ஊழியர். எந்தச் சூட்டிலும் தன் நீலத்தை விட்டுக்கொடுக்காது. பொன் வெளியூர் மாப்பிள்ளை. துளியூண்டு பொன்னைக் கரைத்து இளஞ்சிவப்பு எடுக்கும் வித்தை 1720களையொட்டி, ஐரோப்பியப் பாதிரிமார் அரண்மனையில் நடமாடிய காலத்தில் வந்து சேர்ந்தது. இந்தப் புதுச் சாயங்களால் எழுதும் முறைக்கு அரண்மனை இட்ட பெயரே ‘வெளிநாட்டு வண்ணம்’.

மாங்கனீசு எங்கே எனின், அஃது ஊதா தரும். நான்கு என்ற எண்ணைக் கெடுக்கும் என்பதால் உரையில் கொண்டாம்.

3. பெயரியல்

வானம் பார்த்துச் சொன்னவை சிலவே;
சந்தை பார்த்துச் சொன்னவை பலவே.

இந்நூலின் உயிர்நிலை இவ்வியல். சீனர்கள் இந்நிறங்களை எப்படி அழைத்தார்கள் என்று பார்த்தால், வான்வகை, சந்தைவகை என இரண்டாகப் பிரிகின்றன.

வான்வகை: நிலாவெள்ளை, வான்நீலம், மழைவிட்ட வானம். கடைசிப் பெயரைப் பத்தாம் நூற்றாண்டு அரசர் ஒருவர் தம் குயவருக்கு ஆணையாகவே விடுத்தார் என்பது செவிவழிக் கதை. மழை விட்டு மேகம் கிழியும் இடத்தில் தெரியும் நிறம் வேண்டுமாம். இப்படிக் கேட்பதற்கு அரியணையில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

சந்தைவகை: கத்தரிக்காய்த் தோல் ஊதா. பூசணித் தோல் பச்சை. முட்டைக்கரு மஞ்சள். கோழிக்கொழுப்பு மஞ்சள். காராமணிச் சிவப்பு. சோயாக் குழம்புப் பழுப்பு. எள்விழுதுப் பழுப்பு. விலாங்கு மஞ்சள். நண்டோட்டுப் பச்சை. தேயிலைத்தூள். யோங்லே பேரரசர் காலத்து மென்வெள்ளைக்கு இனிப்பு வெள்ளை என்று பெயர். சர்க்கரை நினைவுக்கு வந்திருக்கிறது. (தென்னிலங்கைக் காலியில் தமிழும் இடம்பெற்ற மும்மொழிக் கல்வெட்டு, 1409ஆம் ஆண்டு இட்டது, இவர் அனுப்பியதே.) செம்பு வெடித்துச் சிதறி ஊதாவும் சிவப்புமாய்க் குழம்பிய ஜுன் சூளைப் பாண்டங்களைக் கோவேறு கழுதையின் ஈரல் என்றும் குதிரையின் நுரையீரல் என்றும் வருணித்திருக்கிறார்கள்.

இந்த இடத்தில் ஒரு தடை எழுந்தது. கையெழுத்துப் படியைப் புரட்டிய வீட்டுக்காரி, “ஏங்க, கறிகாய்ச் சீட்டையும் இதுலயே எழுதிட்டீங்களா?” என்றாள். அற்றன்று; அறியாது கடாவினாய். இவை சீட்டல்ல, பெயர்கள்.

அற்றேல் அஃதாக, அரண்மனைப் பண்டத்துக்கு அடுப்பங்கரைப் பெயர் ஏன் வந்தது? எல்லாம் சூளைக்காரர் வாயில் பிறந்தவை என்று அடித்துச் சொல்ல முடியாது. சில, பிற்காலத்துக் கடைக்காரரும் சேகரிப்பவரும் வைத்தவை. ஆனால் காரணம் ஒன்றே. நிறத்தை வாயால் சொல்ல முடியாது; எல்லாரும் பார்த்த ஒன்றைச் சுட்டித்தான் காட்ட முடியும். மழைவிட்ட வானம் ஆளுக்கொரு நிறம். கத்தரிக்காய்த் தோல் அப்படியல்ல. நாளைக்கும் கூடையில் இருக்கும். வேண்டுமானால் ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

மேலைநாட்டார் இதே பண்டங்களைக் கண்டபோது வேறு இலக்கணம் செய்தார்கள். காராமணி பிரெஞ்சுக்காரர் கையில் பீச் பழத் தோலாயிற்று. ஆழ்சிவப்பு மாட்டு இரத்தமாயிற்று. பல வண்ணப் பாத்திரங்களைப் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அறிஞர் ழாக்மார் பச்சைக் குடும்பம், இளஞ்சிவப்புக் குடும்பம் என்று, ரேஷன் அட்டை கொடுப்பவர்போலக் குடும்பவாரியாகப் பிரித்தார். உலகம் இன்றும் அந்த அட்டையைத்தான் வைத்திருக்கிறது.

4. திணையியல்

உள்ளும் புறமும் மஞ்சள் உயர்திணை;
உள்வெள் ளாயின் ஒருபடி கீழே;
நாகம் நுழைந்தால் மேலும் கீழே.

நாகம் என்றது சீனத்து டிராகனை. யாப்பு நோக்கி நாகமாயிற்று.

பெயர் சந்தையில் பிறந்தாலும், யார் எதில் சாப்பிடலாம் என்பதை அரண்மனை விதித்தது. சிங் வம்ச அரண்மனை விதிப்படி உள்ளும் புறமும் மஞ்சளான தட்டு, பேரரசரின் தாய்க்கும் பட்டத்தரசிக்கும். அடுத்த படியில் உள்ள முதல் துணைவிக்கு வெளியே மஞ்சள், உள்ளே வெள்ளை. அவருக்குக் கீழுள்ள இரு படிகளுக்கு மஞ்சள் பரப்பில் பச்சை டிராகன். அதற்கும் கீழே நீலப் பரப்பில் மஞ்சள் டிராகன். பிறகு பச்சைப் பரப்பில் ஊதா டிராகன். பிறகு பல வண்ணத்தில் சிவப்பு டிராகன். விகுதியைப் பார்த்துப் பால் அறிவதுபோல, தட்டைப் பார்த்துப் படி அறியலாம். பணிப்பெண் தூக்கிச் செல்வதைத் தூரத்தில் கண்டாலே போதும், இது யார் வீட்டுச் சாப்பாடு என்று தெரிந்துவிடும்.

தெய்வங்களுக்கும் திணை உண்டு. 1530இல் மிங் பேரரசர் ஜியாஜிங், வழிபாட்டுப் பாத்திரங்களின் நிறத்தை வரையறுத்தார். வானத்துக்கு நீலம், நிலத்துக்கு மஞ்சள், சூரியனுக்குச் சிவப்பு, நிலாவுக்கு நிலாவெள்ளை.

திணைவழுவுக்குக் காட்டு: செங்குவா பேரரசர் காலத்துக் கோழிக் கிண்ணம், உள்ளங்கையில் அடங்குவது. நீலக் கோட்டின் மேல் பூசுநிறம் இட்டுச் சேவலும் பெட்டையும் குஞ்சுகளும் தீட்டியது. 2014இல் ஹாங்காங்கில் 28 கோடி ஹாங்காங் டாலருக்கு மேல் கொடுத்து அதை ஏலத்தில் எடுத்த ஷாங்காய்ச் செல்வர் லியு யிசியன், அதிலேயே தேநீர் ஊற்றிக் குடித்தார், படமும் வெளிவந்தது. உலகம் திகைத்தது. இலக்கணம் திகைக்கவில்லை. கிண்ணம் குடிப்பதற்கே ஆதலின் வழுவமைதி என்க.

5. பிழையியல்

உடைந்தது பிழை; உடைத்தது முறை;
பிழைத்ததும் அழகெனப் பெயர்பெறல் உரித்தே.

பிழைத்தல் என்னும் தமிழ்ச் சொல்லுக்குத் தவறுதல் என்றும் உயிர்தப்புதல் என்றும் இரு பொருள். இவ்வியலுக்கு இரண்டும் வேண்டும்.

மிங் காலத்து அரசச் சூளையில் ஒரு பாத்திரம் நிறம் மாறியோ வாய் கோணியோ வந்தால் அதை விற்க முடியாது; வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பழையது ஊற்றிக் குடிக்கவும் முடியாது. அரசனுக்கு ஆகாதது எவனுக்கும் ஆகாது என்று உடைத்துப் புதைத்தார்கள். ஜிங்டெஜென் நடுவிலுள்ள ஜூஷான் மேட்டில் 1980களிலிருந்து தோண்டியபோது யோங்லே, சுவாண்டே, செங்குவா பேரரசர்கள் காலத்து ஓடுகள் குவியல் குவியலாகக் கிடைத்தன. அவற்றைப் பொறுக்கி ஒட்டிய அறிஞர்களுக்கு அரண்மனையில் இல்லாத வடிவங்களும் அகப்பட்டன. அரண்மனைக்குப் போய்ச்சேர்ந்தவை போரிலும் விற்பனையிலும் திசைக்கொன்றாய்ச் சிதறின. உடைத்தவை, உடைத்த இடத்திலேயே பத்திரமாக இருந்தன. தவறியது தப்பியது; இது முதல் பிழைப்பு.

இரண்டாவது, காராமணிச் சிவப்பு. காங்ஷி பேரரசரின் பிற்காலத்தில் எழுத்துமேசைக்கென்றே செய்த சிறு பாத்திரங்கள் இவை. தூரிகை கழுவ, நீர் வைக்க, முத்திரைச் சாந்து வைக்க என்று எட்டே வடிவங்கள். ஒரு சாணுக்கு மேல் உயர்வது அரிது. தெளிந்த மெருகை ஒருமுறை பூசி, அதன் மேல் செம்புச் சாந்தை மூங்கில் குழல்வழி ஊதித் தூவி, மேலே மறுபடி மெருகு பூசினார்கள் என்பர். செம்பு இரண்டு கண்ணாடித் தோலுக்கு இடையில் சிக்கிக்கொண்டது. பெரும்பாலான இடத்தில் காற்றுப் படாமல் மங்கிய ரோஜா நிறம் பெற்றது. எங்கோ ஓரிடத்தில் துளிக் காற்று புக, அங்கே பாசி படர்ந்தாற்போல் ஒரு பச்சைத் திட்டு. அருகில் போய்ப் பார்த்தால் விளிம்பில் மெருகு வழிந்திறங்கி, வெள்ளை உடம்பு நூல்போலத் தெரியும். பச்சை, திட்டின் நடுவில் அடர்ந்து ஓரத்தில் சாம்பலாய்க் கரையும். வேறொரு சூளையில் இதைக் குறை என்று ஒதுக்கியிருப்பார்கள். இங்கே பச்சைத் திட்டு இருந்தால்தான் மதிப்பு. 1886இல் நியூயார்க்கில் இவ்வகைக் குப்பி ஒன்று 18,000 டாலருக்கு விலைபோய் நாளேடுகளை நாள்கணக்கில் பேசவைத்தது.

செம்பு எல்லாருக்கும் இப்படி இரங்கவில்லை. ஜியாஜிங் காலத்தில் செப்புச் சிவப்பு கைகூடாமல்போக, அதற்குப் பதில் இரும்புச் சிவப்பைப் பூசித் தரலாம் என்று அரசே இறங்கிவந்தது. ஆணையிட்டால் அமைச்சர் அடங்குவார், செம்பு அடங்காது.

மூன்றாவது பிழைப்பில் நகைக்க ஒன்றுமில்லை. வான்லி பேரரசர் காலத்தில் டிராகன் தீட்டிய பெருந்தொட்டிகள் கேட்டு அரண்மனை அதிகாரி நெருக்கினார். தொட்டி சுடச்சுட விரிசல் விட்டது. அடியும் தண்டனையும் தொழிலாளருக்கு. 1599இல் துங் பின் என்ற சூளைக்காரர் எரியும் சூளைக்குள் குதித்தார் என்றும், மறுநாள் தொட்டி பழுதின்றி வந்தது என்றும் ஊர் சொல்லும். அவருக்குக் கோயில் கட்டி, நெருப்புத் தெய்வம் என்று வணங்கினார்கள். ஒன்றேகால் நூற்றாண்டுக்கு மேல் கழிந்தபின், 1728இல் அரசச் சூளைக்கு மேற்பார்வையாளராக வந்தார் டாங் யிங். மண்ணும் மெருகும் தெரியாதவராக வந்து, மூன்றாண்டு தொழிலாளரோடு உண்டு உறங்கித் தொழில் கற்றவர். அவர் துங் பின்னின் வரலாற்றை எழுதிவைத்தார். கேட்பாரற்றுக் கிடந்த பழைய டிராகன் தொட்டி ஒன்று, சூளையில் பழுதுபட்டது, அவர் கண்ணில் பட்டது. ஆள் வைத்துத் தூக்கிவந்து அந்தக் கோயில் அருகே வைத்தார். உடைத்துப் புதைக்க வேண்டிய பாத்திரத்தை அதிகாரியே கோயிலில் வைத்தது எந்த விதிப்படி எனின், விதி இல்லை.

6. போலியியல்

முதல்இடை கடைஎன மூவிடத் தும்வரும்
போலி, முழுதும் போலியும் உளவே.

சொல்லில் வரும் போலி பாத்திரத்திலும் வரும்.

முதற்போலி, அரசனே செய்விப்பது. சோங் காலத்து ரு சூளைப் பாண்டம் உலகிலேயே நூற்றுக்கும் குறைவு. அடியில் எள்ளளவு முள்களின் மேல் நிறுத்திச் சுட்ட தடம் இருக்கும். அதற்கும் எள்முள் என்றே பெயர், சந்தை இங்கும் விடவில்லை. 2017இல் அதில் ஒரு தூரிகைக் கிண்ணம் 29 கோடி ஹாங்காங் டாலரைத் தாண்டியது. அந்த நீலத்தை யோங்ஜெங் பேரரசர் அரண்மனையிலிருந்து மூலத்தை அனுப்பி, பார்த்துச் செய்யச் சொன்னார். அடியில் தம் பெயரையே இட்டார். ஏமாற்று இல்லை, இது வணக்கம்.

இடைப்போலி, பழைய உடம்பில் புது நிறம் ஏற்றுவது. வெறும் வெள்ளைத் தட்டுக்கு மஞ்சள் பூசிப் பதவி உயர்வு கொடுப்பது இவ்வகை.

கடைப்போலி, அடியில் எழுதும் ஆட்சி முத்திரையில் வருவது. ‘பெரு மிங், செங்குவா ஆண்டுகளில் செய்தது’ என்று ஆறே எழுத்து. காங்ஷி காலத்துக் குயவர் தம் பாத்திரத்தில் இருநூறு ஆண்டு முந்திய செங்குவா பெயரைத் தாராளமாக எழுதினர். 1677இல் உள்ளூர் நிர்வாகி, பாத்திரம் உடைந்தால் அரசன் பெயரும் உடையும் என்று அஞ்சி ஆட்சிப் பெயரையே எழுதக் கூடாது என்றார். செத்த அரசர் பெயருக்கு அந்த அச்சமில்லை.

முற்றுப்போலி, போன மாதம் செய்தது. அதை வாங்கியவரே இலக்கணம் அதிகம் படிப்பார்.

மூலங்களை வகை பிரித்துச் சேர்த்தோருள் ஒருவரைச் சொல்லி அமைவோம். 1892இல் பம்பாயில் பிறந்த பெர்சிவல் டேவிட், சீன அரச குடும்பம் வங்கியில் அடகு வைத்த பண்டங்களிலிருந்தும் வாங்கிச் சேர்த்தார். ஏறக்குறைய 1,700 உருப்படிகள் இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன. அடகுக்கடையில் உயர்திணை அஃறிணை பார்ப்பதில்லை.

புறனடை

சொல்லா தொழிந்தவை சூளையிற் கொளலே.

மேற்கண்ட பிரிவுகளையெல்லாம் கெடுக்கும் பாத்திரம் ஒன்று உண்டு. அதையும் மறைக்காமல் சொல்வதே நேர்மை. பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் சியான்லோங் பேரரசர் காலத்துப் பெருங்குடுவை ஒன்று நிற்கிறது. 86 சென்டிமீட்டருக்கு மேல் உயரம். கழுத்திலிருந்து அடிவரை அடுக்கடுக்காகப் பதினைந்துக்குக் குறையாத மெருகு வகைகள்: ரு நீலம், ஜுன் கலவை, ஊதா, பொன் கலந்த இளஞ்சிவப்பு, எல்லாம் ஒரே உடம்பில். உயர் சூட்டு நிறங்களை முதலில் சுட்டு, பிழைத்தபின் தாழ் சூட்டு நிறங்களை ஏற்றி மறுபடி சுட வேண்டும். எந்தச் சுற்றில் எது தவறினாலும் முழுக் குடுவையும் ஜூஷான் மேட்டுக் கதைதான். டாங் யிங் 1735இல் சூளையின் மெருகும் அலங்காரமுமாக 57 வகைகளைப் பட்டியலிட்டார். நான் ஆறு இயலில் அடக்கிய செருக்கு அவரிடம் இல்லை. 57ஐயும் வரிசையாக எண்ணிக் காட்டியதோடு நிறுத்திக்கொண்டார்.

நூல் முடிந்தது என்று வீட்டுக்காரியிடம் சொன்னேன். “அப்ப கடைக்குப் போயிட்டு வாங்க, கால் கிலோ காராமணி” என்றாள். வாங்கி வந்து முறத்தில் கொட்டி வெளிச்சத்தில் பார்த்தேன். மங்கிய சிவப்பு, சிலது அடர்ந்தும் சிலது வெளுத்தும். காங்ஷியின் சூளை அவிந்து முந்நூறு ஆண்டாயிற்று. பின்வந்த குயவர் எத்தனையோ பேர் அந்தச் சிவப்பைப் பிடிக்க முயன்று செம்பைக் கருக்கினர். முறத்தில் அது சாதாரணமாகக் கிடந்தது. பெயர் வைத்தவருக்கு இலக்கணம் தெரியாமல் இருந்திருக்கலாம். எதைப் பார்த்து வைத்தால் நிலைக்கும் என்று தெரிந்திருக்கிறது. கல் பொறுக்கி, ஊறப்போட்டேன்.